56 மேட்ச்சிலும் ஹிட்! ஜோ டிமாஜியோ சாதனை திறமையா, லக்கா?

1914-ல் கலிஃபோர்னியாவில், இத்தாலியிலிருந்து குடியேறிய மீனவரின் மகனாகப் பிறந்தவர் ஜோ டிமாஜியோ. அப்பாவின் தொழில் பிடிக்காமல் பேஸ்பால் பக்கம் வந்தார். 18 வயதிலேயே, 1933-ல், சான் பிரான்சிஸ்கோ அணிக்காகத் தொடர்ந்து 61 மேட்ச்களில் ஹிட் அடித்தார். அதாவது, பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைத் தொடணும்.

1941-ல் என்ன நடந்தது?

நியூயார்க் யாங்கீஸ் அணியில் மே 15 முதல் 56 மேட்ச்கள். ஒன்றில்கூட ஹிட் இல்லாமல் திரும்பவில்லை. ஜூலை 17-ல் கிளீவ்லாந்து ஃபீல்டர் கென் கெல்ட்னர் இரண்டு பந்துகளை அபாரமாகத் தடுக்க, கதை முடிஞ்சது. ஆனால், அடுத்த 16 மேட்ச்களிலும் அடித்தார்!

அப்போ திறமையா, லக்கா?

ஒரு மேட்ச்சில் ஹிட் அடிக்க 80% வாய்ப்புள்ள வீரர்னு வச்சுக்குவோம். தொடர்ந்து 56 முறை அடிக்க வாய்ப்பு சுமார் 2.7 லட்சத்தில் 1. அதுவே 60% வீரர்னா, 2 லட்சம் கோடியில் 1 கூட தேறாது. திறமை இல்லாமல் இந்தப் பக்கமே வர முடியாது. லக் இல்லாமல் 56-ஐத் தொடவும் முடியாது.

1951-ல் ஓய்வு, 1954-ல் மர்லின் மன்றோவுடன் திருமணம், அதே ஆண்டில் பிரிவு. 1999-ல் டிமாஜியோ மறைந்தார். அந்த 56 மட்டும் இன்னும் அசையவில்லை.