ஏடு தேடிய பெரியார்

இக்காலத்தில் நூல் வேண்டுவோர் கடைக்குச் சென்று விலை கொடுத்து வாங்குகின்றனர். அச்சுப்பொறி பெருகாத காலத்திலோ நூல்கள் பனையோலைச் சுவடிகளாய் இருந்தன. அவை பாட்டனிடமிருந்து பேரனுக்கும், ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்கும் கைமாறி வந்தன. அவற்றைப் பெற விரும்பியவர் ஊர்தோறும் சென்று, வீடுதோறும் கேட்டுத் தேட வேண்டியிருந்தது. அங்ஙனம் தேடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

தஞ்சை நாட்டு உத்தமதானபுரத்தைச் சேர்ந்த இவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இசைவல்ல வேங்கடசுப்பையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்ற இவர், 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார்.

அவ்வாண்டில் சேலம் இராமசாமி முதலியார் என்பார் அந்நகருக்கு முன்சீபாக வந்தார். ஐயர் அவரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் பயின்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிக் கூறினார். முதலியார் வியந்தாரல்லர், சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்று கேட்டார். அவற்றை ஐயர் கற்றிருக்கவில்லை. பல்லாண்டு உழைத்துப் பெற்ற புலமையும் கடலிற் சிறு கால்வாயே என்பதை அன்று அவர் உணர்ந்தார். அதற்காகச் சினவாது, முதலியார் அளித்த சிந்தாமணிப் படியை வாங்கிப் படிக்கலானார்.

ஒரு படியிற் கண்ட பிழையை மற்றொரு படியே காட்டவல்லது. ஆதலின் வேறு படிகளை நாடிப் புறப்பட்டார். சுவடிகளிற் பல முதலும் முடிவும் இன்றிக் கிடந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. பாட்டுக்கும் உரைக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. தொட்டால் ஒடியும் ஓலைகளும், செல்லரித்த ஓலைகளும் உண்டு. சமண சமயக் கருத்துகளை அச்சமயத்தாரிடமே சென்று பணிவுடன் கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

அடுத்துப் பத்துப்பாட்டை ஆராய்ந்தார். அதற்கும் ஏடுகள் வேண்டியிருந்தன. விடுமுறை வந்தால் பிறர் ஓய்வு கொள்வர். ஐயரோ புகைவண்டியிலும் மாட்டுவண்டியிலும் ஏடு தேடிச் செல்வார். திருநெல்வேலிப் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், முன்னாளைய பாண்டிய மன்னர் ஒருவரின் ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்றார். பெருநம்பிக்கையுடன் அங்குச் சென்றார். பழைய ஏடுகள் குப்பையாய்க் கிடந்தமையால், அவற்றை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டதாகக் கோயிற் பணியாளர் கூறினார். அவ்வாறு செய்வதே விதி என்று எண்ணியிருந்தனர். ஐயர் நெஞ்சம் துடித்தது. எரிந்தவை எந்நூல்கள் என்பதை இனி ஒருவரும் அறிதற்கில்லை. தாம் ஒரு நாள் தாழ்த்தாலும் ஒரு நூல் அழியக்கூடும் என்னும் அச்சம் அவர் உள்ளத்தில் நிலைபெற்றது.

ஆழ்வார்திருநகரியில் பல வீடுகளிலும் தேடினார், விரும்பியது கிட்டவில்லை. இரவில் வீதியிலே திருவுலா வந்தபோது மனமுருகி வேண்டி நின்றார். அவ்வேளையில் அவ்வூர்க் கவிராயர் ஒருவர் ஒரு சுவடியைக் கொணர்ந்து கொடுத்தார். நிலவொளியிலேயே ஐயர் அதனைப் பிரித்தார். முல்லைப்பாட்டு என்னும் பெயர் கண்ணிற் பட்டது. அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. 1889இல் பத்துப்பாட்டு வெளிவந்தது.

பின்னர்ச் சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். எண்பது ஆண்டு கடந்த முதுமையிலும் உழைத்து, 1937இல் குறுந்தொகையை வெளியிட்டார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். 1943இல் நிறுவப்பெற்ற நூல்நிலையம் ஒன்று சென்னையில் அவர் பெயர் தாங்கி, அவர் தொகுத்த சுவடிகளைக் காத்து வருகின்றது.

மாணவர்காள்! கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை எரித்தவர்கள் தீயோர் அல்லர். அவற்றின் அருமை அறியாதவர்கள். பழைய நூல் ஒன்று உங்கள் கைக்கு வருமாயின், அதனை ஒதுக்குமுன் ஒருமுறையேனும் பிரித்துப் படியுங்கள். அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.