மேரி அரசியாரின் மறைகுறி மடல்கள்

ஸ்காட்லாந்து நாட்டரசர் ஐந்தாம் ஜேம்சின் மகளாக மேரி 1542 டிசம்பரில் பிறந்தார். ஆறே நாட்களில் தந்தை இறக்கவே, தொட்டிற் குழவி நாட்டுக்கு அரசியாயிற்று. பிரான்சில் வளர்ந்து, அந்நாட்டு இளவரசரை மணந்து, பதினெட்டாம் வயதிற் கைம்பெண்ணாகி, 1561இல் தாய்நாடு திரும்பினார். உள்நாட்டுக் கலகத்தால் 1567இல் முடியிழந்தார். மறு ஆண்டில் உறவினரான எலிசபெத் அரசியாரை நம்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். தம் அரியணைக்கு மேரி உரிமை கோருவார் என்று அஞ்சிய எலிசபெத்தோ அவரைக் காவலில் வைத்தார்.

சிறைப்பட்டவருக்கு மடல்களே உற்ற துணையாயின. அவற்றை மேரி மறைகுறிகளால் எழுதுவித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி. அடிக்கடி வரும் சொற்களுக்குத் தனிக் குறிகள். குறிகள் எத்துணை நுட்பமாயினும், மடலைக் கொண்டு செல்வார் மூன்றாமவர் ஒருவர் வேண்டுமன்றோ? 1586இல் கில்பர்ட் கிஃபர்ட் என்பார் அப்பணியை ஏற்றார். சார்ட்லி மாளிகைக்கு வரும் பீர்ப் பீப்பாய்க்குள் மடல்கள் ஒளிந்து வந்தன, சென்றன. பீப்பாய் கொணர்ந்த வணிகர் இரு தரப்பிலும் கூலி பெற்றார்! கிஃபர்டோ எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கத்தின் ஒற்றர். மடல் ஒவ்வொன்றும் தாமஸ் ஃபெலிப்ஸ் என்னும் வல்லுநரிடம் சென்றது. எக்குறி எத்தனை முறை வருகின்றது என எண்ணியே மறைபொருளை வெளிக்கொணரும் ஆற்றல் அவருக்கு இருந்தது. பிறகு, முத்திரை குலையாதது போல மடல் உரியவரைச் சேர்ந்தது.

அவ்வாண்டு ஜூலையில் ஆண்டனி பாபிங்டன் என்னும் இளைஞர், எலிசபெத்தைக் கொன்று மேரியை விடுவிக்கும் திட்டத்தை எழுதியனுப்பினார். மேரியின் விடை அதற்கு இசைவு தருவதாக அமைந்தது. அதனைப் படித்த ஃபெலிப்ஸ் மடலின் புறத்தே தூக்குமரம் ஒன்றை வரைந்து அமைச்சருக்கு அனுப்பினார். அதுமட்டுமன்று, கொலைபுரிய இருந்த அறுவரின் பெயரை வினவும் வரிகளை அதே மறைகுறியில் தாமே எழுதிச் சேர்த்தார். இது நேர்மையான செயலன்று.

பாபிங்டனும் தோழரும் செப்டம்பரில் கொல்லப்பட்டனர். அக்டோபரில் ஃபாதரிங்கே கோட்டையில் மேரி விசாரிக்கப்பட்டார். தம் கைப்பட எழுதியதைக் காட்டுமாறு அவர் கேட்டார், படிகளே காட்டப்பட்டன. 1587 பிப்ரவரி 8ஆம் நாள் அவர் தலை துணிக்கப்பட்டது.

மேரி 1578 முதல் 1584 வரை எழுதிய வேறு மறைகுறி மடல்கள் ஐம்பதுக்கு மேல் பிரான்சு நாட்டுத் தேசிய நூலகத்தில், இத்தாலியத் தாள்கள் எனக் குறிக்கப்பட்டுக் கிடந்தன. அறிஞர் மூவர் கணிப்பொறியின் துணையால் அவற்றைப் படித்தறிந்து 2023இல் வெளியிட்டனர். வால்சிங்கத்தை நம்பலாகாது என்னும் மேரியின் எண்ணம் அவற்றுட் காணப்படுகின்றது.