நெய்ஸ்மித் சாரும் ஒரு லேட்டரல் என்ட்ரி பையனும்

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த பசங்களைப் பற்றி நம்ம கேம்பஸில் எப்பவும் ரெண்டு பேச்சு ஓடும். கட்-ஆஃப் இல்லாமல் உள்ளே வந்துட்டான் என்பது ஒன்று. ஓடி போட்டுக்கிட்டு கிளாஸுக்கே வர மாட்டேங்குறான் என்பது இன்னொன்று. ரெண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அவன் முதலில் மாணவனா, பிளேயரா? பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்வி கூடவே வந்திருக்கு.

எங்க விளாத்திகுளம் பக்கம் கபடி, வாலிபால்தான். கொஞ்சம் தள்ளி கோவில்பட்டி போனால் ஹாக்கி. பாஸ்கெட்பால் போர்டைப் பலரும் காலேஜுக்கு வந்துதான் கிட்டப் பார்க்கிறோம். அதனால் நெய்ஸ்மித் என்றால் க்விஸ் விடை மட்டும்தான்: 1891, பீச் பழக் கூடை, அவ்வளவுதான். அதற்கு முன்னாடியும் பின்னாடியும் உள்ள கதை நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கு.

ஒரு டிராப்-அவுட்

1861 நவம்பர் 6, கனடாவின் ஒன்டாரியோவில் ஆல்மான்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். ஒன்பது வயசுக்குள் அப்பா, அம்மா ரெண்டு பேரையும் டைபாய்டு கொண்டுபோய்விட்டது. வளர்த்தது தாய்மாமா. பதினைந்து வயசில் படிப்பை விட்டுவிட்டு மரம் வெட்டும் வேலைக்குப் போனார். சில வருஷம் கழித்து, விட்ட பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்து, தன்னைவிடச் சின்னப் பசங்களோடு உட்கார்ந்து முடித்தார். 1883-ல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேரும்போது வயசு இருபத்திரண்டு ஆகப்போகுது. நம்மில் பலர் அந்த வயசில் பிளேஸ்மென்ட் முடித்திருப்போம்.

அங்கே படிப்பு, ஃபுட்பால், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்தார். பி.ஏ. முடித்தார். அடுத்து பாதிரியார் ஆவதற்கான படிப்பு. கிறிஸ்துவ ஊழியத்துக்குப் போகிறவனுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று கூடப் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். முந்தின நாள் மேட்சில் அடிபட்டுக் கறுத்த கண்களோடு அவர் பிரசங்க மேடை ஏறியதும் உண்டு. ஒரு மனுஷனைச் செதுக்கப் பிரசங்க மேடை மாதிரியே மைதானமும் ஒரு இடம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. 1890-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பினார்.

அங்கேயும் ஃபுட்பால். யேல் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்து வந்த ஏமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் தான் கோச். அவரே டீமில் ஆடவும் செய்வார். நெய்ஸ்மித்துக்கு அப்போ 29 வயசு. இன்றைக்கு நம்ம இன்டர்-யுனிவர்சிட்டி போட்டிகளுக்கு வயசு வரம்பு 25. அதன்படி அவர் பெயர் லிஸ்டிலேயே வராது.

பதினெட்டு பேர், ஒரு கோல்

கண்டுபிடிப்புக் கதை எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேணும் என்று மேலதிகாரி லூதர் குலிக் கேட்டார். ரெண்டு வாரம் டைம். நெய்ஸ்மித் அதை ஒரு டிசைன் ப்ராப்ளம் மாதிரிதான் அணுகினார். ஃபுட்பாலில் முரட்டுத்தனம் ஏன்? பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கு. அப்போ பந்தோடு ஓடக் கூடாது. கோலை நோக்கி வேகமாக எறிந்தால் அடிபடும். அப்போ கோலைத் தலைக்கு மேலே வை, மெதுவாகத்தான் எறிய முடியும். பால்கனிக் கம்பி பத்து அடி உயரத்தில் இருந்தது, கூடை அங்கே போனது. 13 விதிகள், 18 மாணவர்கள், 1891 டிசம்பர். முதல் ஆட்டத்தின் ஸ்கோர் 1-0.

அந்த 18 பேரில் ஒருவரான டங்கன் பேட்டன் 1894-ல் விளையாட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் 1920-ல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பி.டி சார்களில் பல தலைமுறை அங்கே படித்தவர்கள்.

ஒரு மேட்சுக்கு ஒரு காலேஜ்

அந்தக் காலத்து அமெரிக்க காலேஜ் விளையாட்டில் யார் மாணவன் என்பதே தெளிவில்லை. 1896-ல் ஃபீல்டிங் யோஸ்ட் என்ற சட்ட மாணவர் வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து லஃபாயெட் காலேஜுக்கு மாறினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு எதிரான பெரிய மேட்சில் ஆடினார். லஃபாயெட் 6-4 என்று ஜெயித்தது. கொஞ்ச நாளிலேயே பழைய காலேஜுக்குத் திரும்பிவிட்டார்! இப்படி ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்கள் நிறைய. 1905-ல் ஃபுட்பால் மைதானச் சாவுகள் பெரிய சர்ச்சையாகி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருஷம் உருவானதுதான் இன்றைய என்.சி.ஏ.ஏ அமைப்பு. காலேஜ் மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேணும் என்பது போன்ற விதிகள் இந்த மாதிரி ஆட்களைத் தடுக்க வந்தவை. அந்தக் காத்திருப்பு 2021-க்குப் பிறகுதான் படிப்படியாகத் தளர்ந்தது. ஹார்வர்ட், யேல் உள்ள ஐவி லீகின் எட்டு காலேஜ்களில் இன்றைக்கும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கிடையாது. பிளேயர்களின் மார்க், மற்ற மாணவர்களிடமிருந்து ரொம்ப விலகாமல் இருக்கிறதா என்றும் கணக்குப் பார்க்கிறார்கள்.

விதிகள் நியாயமான காரணத்தோடுதான் வந்தன. ஆனால் எழுதாத விதி ஒன்றும் இருந்தது. அது நெய்ஸ்மித்தின் கண் முன்னாலேயே நடந்தது.

கான்சாஸ்

இடையில் டென்வரில் மருத்துவப் படிப்பும் முடித்து, 1898-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு உடற்கல்வி ஆசிரியராகப் போனார். பாஸ்கெட்பால் டீமுக்கும் அவர்தான் கோச். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே கோச், விளையாட்டைக் கண்டுபிடித்தவரே! அவருக்கு அது பெரிய கவலையாக இல்லை. ஆட்டம் மாணவனுக்காக என்பதுதான் அவர் எண்ணம். தன் மாணவர் ஃபாக் ஆலனிடம் டீமைக் கொடுத்துவிட்டு வகுப்பறையிலேயே இருந்துவிட்டார்.

1933-ல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் அங்கே வந்தார். ஜூனியர் காலேஜில் படித்துவிட்டு மாறி வந்தவர், நம்ம ஊரில் டிப்ளமோ முடித்து நேராக செகண்ட் இயருக்கு வருகிற லேட்டரல் என்ட்ரி மாதிரி. நெய்ஸ்மித்தைத் தேடிப் போய், நீங்கள்தான் என் அட்வைசர், அப்பா சொல்லி அனுப்பினார் என்று நின்றார். எழுபது வயசு தாண்டிய நெய்ஸ்மித் ஏற்றுக்கொண்டார்.

மெக்லெண்டனுக்கு அட்மிஷன் இருந்தது, மார்க் இருந்தது, ஆர்வம் இருந்தது. டீமில் மட்டும் இடமில்லை. கான்சாஸ் அணியில் அப்போது வெள்ளையர்கள் மட்டும்தான். உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சல் கட்டாயம். அவர் நீந்தியதும் குளத்துத் தண்ணீரையே வடித்துவிட்டார்கள். நெய்ஸ்மித்தால் டீமின் கதவைத் திறக்க முடியவில்லை. வகுப்பறைக் கதவு மூடாமல் பார்த்துக்கொண்டார். அவருடைய துணையோடு மெக்லெண்டன் 1936-ல் பட்டம் வாங்கி, மேற்படிப்புக்கு ஐயோவா போனார்.

அதே 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் பாஸ்கெட்பால் முதன்முதலாகச் சேர்ந்தது. கோச்சுகள் பணம் திரட்டி நெய்ஸ்மித்தை அனுப்பிவைத்தார்கள். 1939 நவம்பர் 28-ல் இறந்தார்.

மெக்லெண்டன் கோச் ஆனார். 1944-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வட கரோலினாவின் டர்ஹமில், பூட்டிய கதவுகளுக்குள், அவருடைய கறுப்பின மாணவர் அணி ட்யூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான வெள்ளையர் அணியோடு ரகசியமாக மோதி 88-44 என்று ஜெயித்தது. அடுத்து ரெண்டு அணியும் கலந்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். 1957, 58, 59 என மூன்று வருஷம் தொடர்ந்து அவருடைய டென்னசி அணி தேசிய சாம்பியன். அது 1937-ல் நெய்ஸ்மித்தும் கைகொடுத்து கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய தொடர்.

நம்ம பக்கம் திரும்பினால், எலிஜிபிலிட்டி விதி வேணும், சந்தேகமே இல்லை. யோஸ்ட் மாதிரி ஒரு மேட்சுக்கு வந்து போகிறவனுக்கு சீட் கொடுக்க முடியாது. ஆனால் டீம் செலக்‌ஷன் ஃபர்ஸ்ட் இயரிலேயே முடிந்துவிட்டால், செகண்ட் இயரில் வருகிற டிப்ளமோ பையன் எங்கே போவான்? இன்டர்னல் அன்றைக்கு டோர்னமென்ட்டில் இருந்தவனுக்கு ரீ-டெஸ்ட் இல்லை என்றால், அவன் எப்படி மாணவனாக இருப்பான்? கோட்டா பையன் என்று கிண்டல் பண்ணுவதற்கு முன்னாடி, அவன் தவறவிட்ட லேப் நோட்ஸை அனுப்பிவிடலாம். எழுபது வயசுக்கு மேல் நெய்ஸ்மித் சார் செய்ததும் கிட்டத்தட்ட அந்த வேலைதான்.