கத்தியின்றி உடலைத் திறந்தவர்

அறுவை மருத்துவன் கத்தியை எடுக்குமுன் உடலின் உள்ளே இருப்பதைக் காண முடியுமா? 1895ஆம் ஆண்டுக்கு முன் பெரும்பாலும் முடியாது என்பதே விடை. விரலால் அழுத்திப் பார்த்தும், நோயாளி சொல்வதைக் கேட்டும் மருத்துவர்கள் பெரும்பாலும் முடிவெடுத்தனர். அந்நிலையை மாற்றிய அறிஞர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன்.

ஜெர்மனியில் லென்னெப் என்னும் ஊரில் 27.3.1845 அன்று ஒரு துணி வணிகரின் ஒரே மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் பெற்றோருடன் ஹாலந்து சென்றார். உட்ரெக்ட் நகரப் பள்ளியில், வேறொரு மாணவன் ஆசிரியரைக் கேலியாக வரைந்த படத்துக்காக இவர் வெளியேற்றப்பட்டார். வரைந்தவனைக் காட்டிக்கொடுக்க இவர் மறுத்துவிட்டார் என்பர். பள்ளிச் சான்றிதழ் இல்லாத அவருக்கு 1865இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி இடமளித்தது. 1869இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் அந்தச் சான்றிதழ்க் குறை அவரைத் தொடர்ந்தது. அதைக் காட்டி வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவருக்கு ஆசிரியத் தகுதி தர மறுத்தது. அதே பல்கலைக்கழகம் 1888இல் அவரைப் பேராசிரியராக வரவேற்றது!

8.11.1895 அன்று மாலை, கறுப்பு அட்டையால் மூடிய வெற்றிடக் குழாயில் அவர் மின்சாரம் பாய்ச்சினார். சற்றுத் தள்ளியிருந்த, பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கதிர் அட்டையை ஊடுருவி வந்திருந்தது. பல வாரங்கள் தனித்திருந்து அதனை ஆராய்ந்தார். டிசம்பர் 22இல் மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. இயல்பு அறியப்படாத அக்கதிருக்கு எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். சில வாரங்களிலேயே மருத்துவர்கள் முறிந்த எலும்பையும் உடலில் தங்கிய குண்டையும் அக்கதிரால் தேடத் தொடங்கினர்.

காப்புரிமை பெற்றிருந்தால் அவர் பெருஞ்செல்வராகியிருப்பார். அதனை அவர் நாடவில்லை. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. அத்தொகையையும் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். முதல் உலகப் போருக்குப் பின் வந்த பணவீக்கத்தில் அவருடைய சேமிப்பு கரைந்தது. 10.2.1923 அன்று மியூனிக் நகரில் காலமானார்.

அவர் கண்ட கதிருக்கும் ஓர் எல்லை உண்டு. சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு கதிரைத் தடுப்பதால் படத்தில் தெளிவாகத் தெரியும். தசைநார் அவ்வாறு தெரியாது. முழங்காலில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார் அறுந்தாலும் எக்ஸ் கதிர்ப் படம் பழுதற்றதாகத் தோன்றக்கூடும். கீழ்க்கால் எலும்பின் வெளிவிளிம்பில் பெயர்ந்த சிறு எலும்புச் சில்லு மட்டும் சிலரிடம் குறிப்புக் காட்டும்.

இக்குறையை நீக்கியது எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படமுறை. 1973இல் லாட்டர்பர் இதற்கு வழிகாட்டினார். மான்ஸ்ஃபீல்டு அதனை வளர்த்தார். இருவரும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். வலிய காந்தப் புலத்தில், உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலைகளுக்குத் தரும் மறுமொழியே படமாகிறது. எந்தத் தசைநார் அறுந்தது, முற்றிலுமா ஓரளவா, மூட்டுக் குருத்தெலும்பும் கிழிந்ததா என்பவற்றை அறுவைக்கு முன்பே மருத்துவர் அறிந்து திட்டமிடுகிறார். எனினும் எலும்பு முறிவு உண்டா என்று பார்க்க இன்றும் முதலில் எடுக்கப்படுவது பெரும்பாலும் எக்ஸ் கதிர்ப் படமே.

மாணவத் தோழர்களே! கருவிகள் மாறும், வெட்டுமுன் காண வேண்டும் என்ற நெறி மாறாது. அந்நெறிக்கு வழி திறந்தவர், அவ்வழியில் சுங்கம் வசூலிக்க மறுத்தார். சான்றிதழ் இல்லாத அந்த மாணவர் உலகுக்கு விட்டுச்சென்ற கொடை இதுவே.