கட்டளை வருமுன் கண் மூடியவர்

கடவுளிடம் அன்பு இருந்தால் போதாதா? ஒரு மனிதரின் கட்டளைக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும்? கிறிஸ்தவர்களிடையே வெகு காலமாக இருந்து வரும் கேள்வி இது. ஏசுநாதரிடம் அன்பு கொண்டவன் அவர் கட்டளைப்படி நடப்பான் என்பது யோவான் சுவிசேஷத்தின் போதனை. அதை வாழ்ந்து காட்டியவர்களில் ஒருவர் புனித சவேரியார்.

கோட்டையில் பிறந்தவர்

1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி நவார் என்ற சிறு ராஜ்யத்தில் சவேரியார் பிறந்தார். அது இன்று ஸ்பெயினின் வடபகுதி. அவர் வீடே ஒரு கோட்டை. ஸ்பெயின் படை நவாரைப் பிடித்தது. கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன.

1521-ல் பம்ப்லோனா நகரில் சண்டை நடந்தது. சவேரியாரின் அண்ணன்மார் ஒரு பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் குண்டு பட்டுக் கால் முறிந்து விழுந்தார் ஒரு வீரர். அவர்தான் லயோலா இஞ்ஞாசியார்.

எதிரி நண்பரானார்

சவேரியார் பாரிஸில் படித்துப் பட்டம் பெற்றார். கல்லூரி ஆசிரியரும் ஆனார். பம்ப்லோனா பெரிய கோவிலில் நல்ல வருமானமுள்ள பதவி பெற வேண்டும் என்பது அவர் ஆசை.

1529-ல் இஞ்ஞாசியார் அவருடைய அறைக்கே தங்க வந்தார். சவேரியாருக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் பணமுடை வந்தபோது உதவியவர் அவரே. மெல்ல மெல்ல மனம் மாறியது. 1534 ஆகஸ்டு 15-ந் தேதி இருவரும், மற்ற ஐந்து தோழர்களும், ஏழ்மையிலும் பிரமசரியத்திலும் வாழ்வதாகச் சபதம் செய்தார்கள். ஏசு சபைக்கு அதுவே வித்து.

ஒரே நாள் அவகாசம்

1540-ல் போர்ச்சுகல் அரசர் இந்தியாவுக்குக் குருக்களை அனுப்பும்படி கேட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் நோயில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாகப் போகும்படி சவேரியாரிடம் இஞ்ஞாசியார் சொன்னார். சவேரியார் தயங்கவில்லை. கிழிந்த துணிகளைத் தைத்துக்கொண்டு மறுநாளே ரோமாபுரியை விட்டுப் புறப்பட்டார். அதன் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

இருபது தோணிகள்

1542 மே மாதம் கோவா வந்தார். அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்குச் சென்றார். ஜபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்தார். தெருத் தெருவாக மணி அடித்துக் குழந்தைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

1544-ல் கடற்கரை ஊர்களைப் படைவீரர் சூறையாடினார்கள். பரதவ மக்கள் கன்னியாகுமரிப் பாறைகளுக்கு ஓடிப்போய்ப் பசியிலும் தாகத்திலும் வாடினார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. பிறகு கரை வழியே நடந்து போய்ச் சேர்ந்தார்.

இதற்கு யாரும் கட்டளையிடவில்லை. ரோமாபுரிக்குக் கடிதம் எழுதிப் பதில் பெற இரண்டு மூன்று வருஷங்கள் ஆகும் காலம் அது. கட்டளை எட்டாத இடத்தில் அன்பே அவருக்கு வழி காட்டியது.

ஆனாலும் அவர் தம் இஷ்டப்படி நடப்பவர் அல்ல. இஞ்ஞாசியாருக்கு மண்டியிட்டபடி கடிதம் எழுதுவார். தோழர்களின் கையெழுத்துக்களைக் கடிதங்களிலிருந்து கத்தரித்து எடுத்து மார்பில் அணிந்திருந்தார். கீழ்ப்படியாத குருக்களிடம் அவர் கண்டிப்பானவர். சிலரைச் சபையை விட்டே நீக்கினார்.

தாமதமாக வந்த கட்டளை

மலாக்கா, மொலுக்காஸ் தீவுகள், ஜப்பான் எல்லாம் சென்றார். கடைசி ஆசை சீனா. அதன் கரைக்கு எதிரே, சாங்சுவான் தீவில், காய்ச்சலால் 1552 டிசம்பர் 3-ந் தேதி காலமானார். வயது 46.

1553 ஜூன் 28-ந் தேதி இஞ்ஞாசியார் ஒரு கடிதம் எழுதினார். சவேரியார் ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டும் என்பது கட்டளை. நண்பர் இறந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாது.

உயிரோடு இருந்திருந்தால், கண்ணெதிரே தெரிந்த சீனாவை விட்டுத் திரும்பியிருப்பாரா? ஒரே நாளில் ரோமாபுரியை விட்டுப் புறப்பட்டவர் அவர். திரும்பியிருப்பார் என்றே நம்பலாம். அன்பு இல்லாதவனுக்குக் கட்டளை ஒரு சுமை. சவேரியாருக்கோ அது நண்பரின் குரல். அந்தக் குரலில் அவர் கடவுளின் சித்தத்தைக் கேட்டார்.

1622 மார்ச் 12-ந் தேதி ரோமாபுரியில் இருவருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.