தோட்டத்து வாயிலைக் கடந்த பத்திரிகையாளர் நடேசய்யர்

மலையகத் தொழிற்சங்க வரலாறு பேசப்படும்போதெல்லாம் 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதிலிருந்தே கதையைத் தொடங்குவது நம்மிடையே வழக்கமாகி விட்டது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டது என்பதும், அதனை அமைத்தவர் ஒரு பத்திரிகையாசிரியர் என்பதும் பலருக்கு நினைவில் இல்லை. அவர்தான் கோதண்டராம நடேசய்யர்.

தஞ்சாவூரில் பிறந்த இவர் இலங்கைக்கு முதன்முதலாக வந்தது தொழிலாளரைத் தேடியல்ல. வர்த்தகர்களுக்கென அவர் நடத்திய சஞ்சிகையின் அலுவலாகவே கொழும்பு வந்தார். வந்த இடத்தில் மலைநாட்டுத் தோட்டங்களின் நிலைமை பற்றிக் கேள்வியுற்றார். ஆனால், கேள்வியுற்றதைக் கண்ணால் காண்பது அக்காலத்தில் இலகுவான காரியமன்று. தோட்டம் என்பது துரைமாரின் தனி இராச்சியம். அனுமதியின்றி உள்ளே கால் வைத்த வெளியாள் அத்துமீறிப் பிரவேசித்த குற்றவாளி ஆவார். எனினும் புடவை வியாபாரிகள் மட்டும் மூட்டையுடன் லயங்களுக்குச் சென்று வந்தனர். நடேசய்யரும் புடவை மூட்டையைத் தோளில் சுமந்து உள்ளே சென்றார்.

அங்கே அவர் கண்டவற்றுள் மிகக் கொடியது துண்டு முறை என்றே நாம் கருதுகின்றோம். தொழிலாளி பட்டிருக்கும் கடன் தொகை ஒரு துண்டில் எழுதப்படும். அத்தொகையைக் கொடுக்க முன்வரும் தோட்டத்துக்கு அவர் மாற்றப்படுவார். தோட்டம் மாறினாலும் கடன் அவரை விட்டு நீங்குவதில்லை. கடன் எவ்வளவு என்பதைக் கணக்கெழுதிய கங்காணியே அறிவார்; எழுத்தறியாத தொழிலாளி அறிய வழியில்லை. இம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் கங்காணியின் கணக்குப் புத்தகம் அதன் பின்னரும் நெடுங்காலம் மூடப்படவில்லை.

1920 இல் மீண்டும் இலங்கை வந்த நடேசய்யர் இங்கேயே தங்கிவிட்டார். தேசநேசன் பத்திரிகையில் ஆசிரியராக இருந்து எழுதினார். 1924 இல் தேசபக்தனைத் தொடங்கினார். தலைநகரில் அச்சாகும் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பெயர் தெரியாத ஒரு கூலியாளின் சம்பளப் பிரச்சினைக்கு இடம் கிடைத்தது அந்நாளில் சிறிய விடயமல்ல. இதே காலத்தில் ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிற்சங்கத்திலும் அவர் முன்னணியில் நின்றார். கொழும்பில் சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஒரே மேடையில் நின்ற அபூர்வமான ஆண்டுகள் அவை.

1925 இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராக அவர் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். அன்றைய வாக்குரிமை சொத்தும் கல்வியும் உடையோருக்கே உரியதாயிருந்தது. அவரைத் தெரிவு செய்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தோர். சபையிலோ அவர் வாக்குரிமையே இல்லாத தோட்டத் தொழிலாளருக்காக வாதாடினார்.

1927 இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நிர்ணயிக்கப்பட்டு, 1929 இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் புத்தகத்தில் இருப்பதால் மாத்திரம் சம்பளம் கைக்கு வந்துவிடாது என்பதை நடேசய்யர் நன்கு அறிந்திருந்தார். தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் நூலாக்கி வெளியிட்டார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? அதற்கு விடையாக அமைந்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள். கூட்டங்களில் அம்மையார் தொழிலாளரின் துயரங்களைப் பாட்டாகப் பாடினார். அப்பாடல்களை அச்சிட்டும் பரப்பினார். கணவரின் புகழுக்குள் அடங்கிப் போன இப்பெண்மணியைத் தனியாக ஆராய்ந்து எழுதுவது இன்னும் நம்மவர் கடனாகவே உள்ளது.

1920 களின் இறுதியில் வேலைவாய்ப்பு அருகியபோது குணசிங்கவின் பேச்சில் இந்திய எதிர்ப்பு தலைதூக்கியது. இருவரும் பிரிந்தனர். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் அமைத்தார். துரைமாரும் பெரிய கங்காணிமாரும் ஒருங்கே எதிர்த்தனர். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை வீழ்ந்து, சட்டம் நிர்ணயித்த அந்தச் சம்பளமும் குறைக்கப்பட்டது. பிறந்த சில ஆண்டுகளிலேயே சம்மேளனம் தளர்ந்தது. எனினும் சர்வசன வாக்குரிமையின் கீழ் 1936 இல் நடந்த தேர்தலில் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். இம்முறை தொழிலாளரும் வாக்களித்தனர்.

அவரிடம் குறை இல்லாமலில்லை. பேனாவும் மேடையும் அவருக்கு வசப்பட்ட அளவுக்கு நிறுவனத்தைக் கட்டிக்காக்கும் கலை வசப்படவில்லை. பத்திரிகை, சங்கம், சபை ஆகிய மூன்றையும் தாமே சுமந்தார். அடுத்த வரிசைத் தலைவர்களை வளர்த்தெடுத்தார் என்று சொல்வதற்கில்லை. நேருவின் 1939 ஆம் ஆண்டு வருகையை அடுத்து உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டங்களில் வேரூன்றியபோது அவர் அதற்கு வெளியே நின்றார். தொழிலாளர் அலையலையாகப் புதிய சங்கத்தில் சேர்ந்தனர். வாயிலை முதலில் கடந்தவர், அதன் பின்னர் உள்ளே நடந்தவற்றில் ஓரமாக்கப்பட்டார்.

1947 பொதுத்தேர்தலில் அவர் தோல்வியுற்றார். அதே ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி காலமானார். சுதந்திரத்துக்கு மூன்று மாதங்களே இருந்தன. 1948 இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும், 1936 இல் ஹட்டனில் அவருக்கு வாக்களித்த மக்களில் பெரும்பாலோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின.