பீடாதிபதி ஆசனத்தில் ஒரு குருவானவர்

ஒரு கல்லூரிக்குப் புதிய அதிபர் வருகிறார் என்றதும் நம் வாயில் முதலில் வருவது எந்தக் கேள்வி? எந்தச் சமயம், எந்த ஊர், எந்தச் சாதி என்பதுதானே! சங்கைக்குரிய தனிநாயகம் அடிகளாரை இந்தக் கேள்வி கேட்டு நிறுத்தியிருந்தால் தமிழுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள்.

1913இல் கரம்பொனில் பிறந்தவர். யாகப்பர் கோவிலில் பூசை முடிந்து நீங்கள் நடந்தே போகக்கூடிய சம்பத்திரிசியார் கல்லூரியிற் படித்தவர். 1938இல் உரோமையிற் குருப்பட்டம் பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பல கற்றிருந்தும் தமிழிலக்கியத்தில் தமக்குப் பயிற்சி போதாது என்று, திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துப் பாடசாலையில் துணைத் தலைமையாசிரியராக இருந்தபோதுதான் உணர்ந்தார். கூச்சப்படவில்லை, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். கத்தோலிக்கக் குருவுக்கு ஐயர் ஆசான்! (அவ்வூர்க் கோவிலுக்குள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.)

பின்பு, 1945இல், முப்பது வயதைக் கடந்த நிலையில், செட்டிநாட்டரசர் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இளைஞரோடு இளைஞராய்ச் சேர்ந்தார். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். அதே ஆண்டில் தமிழ்ப் பண்பாட்டை உலகறியச் செய்ய ஆங்கில முத்திங்கள் இதழொன்றையும் தொடங்கினார்.

1961இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. இந்திய இயல் துறைக்குத் தலைவர் வேண்டும். மலாயாத் தமிழரிற் பெரும்பாலோர் இந்துக்கள்; இவரோ இலங்கையர், அதிலும் வெள்ளை அங்கி அணிந்த குரு. ஆயினும் ஆசனம் அவருக்கே கிடைத்தது. பின்னர் கலைப்பீடம் முழுவதற்கும் பீடாதிபதியானார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாயுள்ள நாட்டில் இது சிறு காரியமன்று.

தமக்குத் திறந்த கதவை அவர் பிறருக்கு அடைக்கவுமில்லை. 1964 தையில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியபோது, முதற் தலைவராயிருந்தவர் பிரான்சு தேசத்து அறிஞர் பிலியோசா. செயலாளர் பொறுப்பைச் செக் நாட்டவரான கமில் சுவெலபிலுடன் அடிகளார் பகிர்ந்துகொண்டார். 1966 சித்திரையில் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே நடத்திக் காட்டினார். அதைத் தொடக்கி வைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான்.

1969இல் மலாயாவை விட்டார். 1980 செப்டெம்பர் 1ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார். நமது யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியது. அதன் துணைவேந்தர் ஆசனத்தில் முதற் பெண்மணியாகப் பேராசிரியை வசந்தி அரசரட்ணம் அமர்ந்தது 2011இல்.